முத்திரை ஒட்டாத கடிதம்

வட்டுக்கோட்டையில் கணினி கற்கும் தம்பிக்கு,

தபாலில் போகும் கடிதத்துக்கு முத்திரை ஒட்டுபவர் அதை அனுப்புபவரே. மின்னஞ்சலிலோ அனுப்பும் செலவு ஏறக்குறைய இல்லாததால், அதைப் பிரித்து அழிக்கும் நேரச் செலவு பெறுபவர் தலையில் விழுகிறது. 1978 மே மாதம் கேரி துவர்க் என்னும் விற்பனையாளர், இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெற்றில் சுமார் 400 பேருக்கு அனுப்பிய விளம்பரமே முதலாவது குப்பை அஞ்சல் என்று கொள்ளப்படுகிறது. கனடா விசாவும் லொத்தர்ப் பரிசும் கிடைத்துவிட்டதாக இன்று வரும் அஞ்சல்கள் அதன் வாரிசுகளே.

முள்ளை முள்ளால் எடுக்க முயன்றோரும் உண்டு. 2004இல் லைக்கோஸ் ஐரோப்பா நிறுவனம், குப்பை அஞ்சல் விளம்பரப்படுத்தும் தளங்களை ஓயாமல் தட்டி அவற்றின் செலவைக் கூட்டும் திரைக்காப்பு மென்பொருளை வெளியிட்டு, கண்டனம் எழவே சில நாட்களில் கைவிட்டது. தாக்கப்பட்ட தளமொன்று அந்த வெள்ளத்தை லைக்கோஸின் பக்கமே திருப்பிவிட்டது வேடிக்கை. இஸ்ரேலின் புளூ செக்கியூரிற்றி, வந்த ஒவ்வோர் அஞ்சலுக்கும் 'என் முகவரியை நீக்குக' என்ற ஒரேயொரு கோரிக்கையைத் திருப்பி அனுப்பியது. இது நேர்மையான முறைதான், ஆயினும் களவாக வசப்படுத்திய பல்லாயிரம் கணினிகளை ஏவக்கூடியவர்களோடு எண்ணிக்கையில் மோதியதால், 2006 மே மாதம் அந்தச் சேவை மூடப்பட்டது. பதிலடியாக அவர்களின் கணினியுள் நுழைவதும் வழியன்று: இலங்கையின் 2007ஆம் ஆண்டு 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டப்படி அனுமதியின்றிப் பிறர் கணினியுள் நுழைவது குற்றம். அது மோசடிக்காரனின் கணினி என்பதால் அச்செயல் நியாயமாகிவிடாது.

வென்றது கணிதம். 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினறி தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கணிதமும் வானியலும் புகட்டிய உம் ஊரில் இது புரியாத செய்தி அன்று. 1997இல் அடம் பாக், ஒவ்வோர் அஞ்சலோடும் கணினி ஒரு சிறு கணக்கைச் செய்துகாட்ட வேண்டும் என்று முன்மொழிந்தார். ஓர் அஞ்சலுக்கு இது சுமையன்று, பத்து இலட்சம் அஞ்சலுக்கோ பெருஞ்சுமை, அதாவது இதுவே ஒட்டப்படாத முத்திரை. அஞ்சலில் அது நிலைக்காவிடினும் பிட்கொயினில் நிலைத்தது. 2002இல் போல் கிரகாம் பரப்பிய வடிகட்டி, தோமஸ் பேயிஸ் என்ற பதினெட்டாம் நூற்றாண்டுப் பாதிரியாரின் நிகழ்தகவுத் தேற்றத்தைக் கொண்டு, முந்திய குப்பையில் அடிக்கடி வந்த சொற்களை வைத்தே புதிய குப்பையை இனங்காண்கிறது. அனுப்பியவரின் சொல்லே அவரைக் காட்டிக்கொடுக்கிறது. மனிதர் கண்ணுக்குத் தெரியாதபடி வலைப்பக்கத்தில் ஒளித்துவைக்கும் பொறி முகவரியும் இவ்வகையே: அதற்கு எழுதுபவர் முகவரி திருடியவராகவே இருப்பார்.

ஆகவே, தம்பி, மோசடி அஞ்சலுக்கு வசைபாடியும் பதில் எழுதவேண்டாம். அந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்பதை அப்பதிலே உறுதிப்படுத்திவிடும். வெறுமனே அழிக்கவும் வேண்டாம். குப்பை அஞ்சலைக் குறிக்கும் 'ஸ்பாம்' என்ற பொத்தானை அழுத்தவும்; வடிகட்டி அதிலிருந்தே கற்கிறது.