சர்வர் விழிக்கும்போது திரையில் தோன்றும் வரிகள்

சர்வரின் பொத்தானை அழுத்தியதும், இயங்குதளம் கண்விழிப்பதற்கு முன்பே, ரெய்டு கன்ட்ரோலர் தன் பொறுப்பிலுள்ள டிஸ்குகளை எண்ணிப் பார்த்துத் திரையில் எழுதும் நாலைந்து வரிகளை, தேநீர் அருந்தப் போகும் அவகாசமாகவே பலரும் கருதுகிறார்கள். விபரீதத்தின் முதல் லட்சணம் பெரும்பாலும் அங்கேதான் தென்படுகிறது.

‘ஆப்டிமல்’ என்றால் க்ஷேமம். ‘டிகிரேடட்’ என்றால், ஒரு டிஸ்கு விழுந்துவிட்டது, தகவல் இன்னும் பத்திரம் என்று அர்த்தம். ரெய்டு 5 வகையில் இன்னொன்றும் விழுந்தால் சர்வநாசமாகையால், பேக்கப்பைச் சரிபார்த்துவிட்டு உடனே பழுதானதை மாற்றுக.

டெல் பெர்க் போன்ற கன்ட்ரோலர் அட்டைகளில் வரும் ‘ஃபாரின் கான்ஃபிகரேஷன்’ என்ற வரிதான் அநேகரைக் கலங்கச் செய்வது. இது அயல்நாட்டுச் சரக்கைப் பற்றிய பேச்சன்று. ஒவ்வொரு டிஸ்கும் தான் எந்தத் தொகுதியைச் சேர்ந்தது என்ற ஜாதகத்தைத் தன்னிடமே எழுதி வைத்திருக்க, அது கன்ட்ரோலரின் கணக்கோடு பொருந்தாதபோது, அதாவது அட்டையை மாற்றியபோதோ, டிஸ்கைக் கழற்றிச் செருகியபோதோ, இப்படி ஒரு வினா எழுகிறது. ‘எஃப்’ விசையை அழுத்தினால் அந்த ஜாதகத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளும். ‘சி’ விசை அமைப்புப் பகுதிக்கு அழைத்துச் செல்லும். அங்கே ‘கிளியர்’ என்பதைத் தொட்டால் ஜாதகம் அழிந்துபோகும். எதையும் அழுத்துமுன் திரையைக் கைபேசியில் படமெடுத்துக்கொண்டு, மின்சாரத்தை நிறுத்தி, கேபிள்களையும் டிஸ்குகளையும் நன்றாகப் பதித்து மறுபடி இயக்கிப் பாருங்கள்.

கன்ட்ரோலர் அட்டையின் பேட்டரி பற்றிய எச்சரிக்கை வந்தால், கன்ட்ரோலர் எழுதவேண்டியதைக் கேஷில் தேக்கிவைக்கும் வழக்கத்தைப் பொதுவாக விட்டுவிடும். சர்வர் திடீரென்று மந்தமானதற்கு அதுவே காரணமாயிருக்கலாம்.