ராம்ப்பில் நிற்கும் லாரிகள்

அன்புள்ள வாசகருக்கு,

நியூ ஜெர்சியிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. பென்சில்வேனியா வழியாக இரவில் குடும்பத்தோடு காரில் போனபோது, நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் ராம்ப்பின் ஓரத்தில் பெரிய லாரிகள் வரிசையாக நின்றதைப் பார்த்துப் பதறிப்போனதாக எழுதியிருக்கிறீர்கள். இவ்வளவு சட்டதிட்டம் உள்ள நாட்டில் இந்த டிரைவர்களுக்கு மட்டும் ஏன் பொறுப்பில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் பயம் நியாயமானது. 2023 ஜூலை 12 அன்று அதிகாலையில், இல்லினாய் மாநிலத்தில் ஹைலாண்ட் ஊருக்கு அருகே, 70-ஆம் எண் நெடுஞ்சாலையில் ஒரு கிரேஹவுண்ட் பேருந்து, ஓய்விடத்துக்குப் போகும் ராம்ப்பில் நின்றிருந்த மூன்று லாரிகள்மீது மோதியது. பயணிகள் மூன்று பேர் இறந்தார்கள். ராம்ப்பில் லாரி நிற்பது ஆபத்து என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அந்த லாரி அங்கே ஏன் நிற்கிறது என்பது உங்களுக்குத் தெரியவேண்டும் என்று நினைக்கிறேன். அது தெரிந்தால் உங்கள் கோபம் வேறு பக்கம் திரும்பும்.

அமெரிக்காவில் சரக்கு லாரி ஓட்டுபவருக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு. பத்து மணி நேரம் தொடர்ந்து ஓய்வெடுத்த பிறகு, பதினோரு மணி நேரம்வரை ஓட்டலாம். அந்தப் பதினோரு மணி நேரமும், வேலையைத் தொடங்கிய நேரத்திலிருந்து பதினான்கு மணி நேரத்துக்குள் முடிந்துவிட வேண்டும். தூக்கக் கலக்கத்தில் முப்பத்தாறு டன் வண்டியை யாரும் ஓட்டக்கூடாது என்பதற்கான சட்டம் அது; நல்ல சட்டம். 2017 டிசம்பர் முதல் பெரும்பாலான வண்டிகளில் என்ஜினோடு இணைந்த மின்னணுக் கருவி ஒன்று இந்த நேரத்தைத் தானாகவே பதிவு செய்கிறது. முன்பு காகித நோட்டில் டிரைவர் தன் கையால் எழுதியபோது அரை மணி முன்னே பின்னே திருத்திக்கொள்ள முடிந்தது. இப்போது முடியாது.

இந்தப் பதினான்கு மணி நேரத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். காலை ஐந்து மணிக்கு வேலையைத் தொடங்கியவருக்கு இரவு ஏழு மணியோடு ஓட்டும் உரிமை முடிகிறது. நடுவில் சாப்பிட்டாலும் சரி, கிடங்கு வாசலில் காத்து நின்றாலும் சரி, அந்தக் கடிகாரம் பொதுவாக நிற்பதில்லை. பல கிடங்குகளில் சரக்கை இறக்க மூன்று மணி, நான்கு மணி நேரம்கூட ஆகிவிடும். நெடுந்தூர டிரைவர்களில் பெரும்பாலோருக்கு ஓடிய மைலுக்குத்தான் கூலி என்பதால், காத்திருந்த நேரத்துக்குப் பணம் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. மாலை ஐந்தரைக்கு ஒருவழியாக வண்டியை வெளியே எடுக்கிறார். ஒன்றரை மணி நேரம் மிச்சம். இத்தனை நேரம் காக்கவைத்த அதே கிடங்கில் "ராத்திரி இங்கேயே படுத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டால், பல இடங்களில் கிடைக்கும் பதில்: கூடாது, கேட்டைப் பூட்டவேண்டும்.

லாரிகள் தங்கும் அடுத்த தனியார் டிரக் ஸ்டாப்புக்குப் போனால் அது நிறைந்திருக்கிறது. இருட்டிய பிறகு இடம் கிடைப்பது அரிது. அதற்கடுத்த அரசு ஓய்விடமும் அப்படித்தான். எழுபது அடி நீள வண்டியை ஏதோ ஒரு தெருமுனையில் திருப்பி நிறுத்திவிட முடியாது. கடைகளின் கார் நிறுத்துமிடங்களிலோ லாரி வரக்கூடாது என்று பலகை இருக்கும். கருவியில் இன்னும் பன்னிரண்டு நிமிடம் என்று காட்டுகிறது. நேரத்தை மீறி ஓட்டினால் அது பதிவாகும். சோதனையில் பிடிபட்டால் வண்டியை அங்கேயே நிறுத்திவைப்பார்கள், கம்பெனியின் பெயரிலும் கரும்புள்ளி விழும். அப்போது கண்ணில் படுவது அந்த ராம்ப்தான்.

விதிவிலக்கு இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. சரக்கை ஏற்றி இறக்கும் இடத்திலேயே நேரம் தீர்ந்துவிட்டால், அருகிலுள்ள பாதுகாப்பான இடம்வரை சொந்தப் பயணம் என்ற கணக்கில் வண்டியை எடுத்துப் போகலாம் என்று 2018-இல் அரசு விளக்கம் தந்தது. சில கம்பெனிகள் அதையும் அனுமதிப்பதில்லை. நடுச்சாலையில் இடம் தேடி அலைகிறவருக்கு அது கைகொடுப்பதும் இல்லை. ராம்ப்பில் தூங்குகிறவரின் கதவை நள்ளிரவில் போலீஸ்காரர் தட்டி வண்டியை நகர்த்தச் சொன்னால், சட்டக் கணக்கில் அந்த டிரைவரின் ஓய்வு முறியாது. தூக்கம் முறிந்துவிடும். பெண் டிரைவர்களை நினைத்துப் பாருங்கள்: இருட்டில் சாலை ஓரம் நிற்கும் வண்டியை விட்டு இறங்கி கழிப்பறைக்கு எங்கே போவார்கள்?

2019-இல் அரசு எடுத்த கணக்குப்படி நாடு முழுவதும் லாரி நிறுத்த சுமார் 3,13,000 இடங்கள்தான் இருந்தன. அதில் ஏறக்குறைய 40,000 மட்டுமே அரசு ஓய்விடங்களில் இருந்தவை, மற்றவை தனியார் டிரக் ஸ்டாப்புகளில். பதினோரு லாரிக்கு ஓர் இடம் என்பது லாரி உரிமையாளர் சங்கம் சொல்லும் மதிப்பீடு. இதனால் பல டிரைவர்கள் நேரம் மீதமிருக்கும்போதே, இடம் கண்ட உடனே நிறுத்திவிடுகிறார்கள். ஒரு நாளைக்குச் சராசரியாக 56 நிமிட ஓட்டம் இப்படி வீணாகிறது என்று 2016-இல் வெளியான ஆய்வு ஒன்று சொன்னது. மைல் கூலிக்காரருக்கு அது நேராகச் சம்பள வெட்டு.

இன்னொன்றைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க மனம் வரவில்லை. 2009 மார்ச்சில் ஜேசன் ரிவன்பர்க் என்ற டிரைவர் பால் ஏற்றிக்கொண்டு தென் கரோலினாவில் போய்க்கொண்டிருந்தார். இறக்கவேண்டிய இடத்துக்கு அருகில் வந்துவிட்டார். ஆனால் நேரத்துக்கு முன்பே உள்ளே விடமாட்டார்கள். பக்கத்தில் காத்திருக்க வேறு இடம் இல்லாமல், கைவிடப்பட்ட பெட்ரோல் பங்க் ஒன்றில் நிறுத்தினார். அங்கே அவரைச் சுட்டுக் கொன்று ஏழு டாலரை எடுத்துப் போனார்கள். அப்போது அவர் மனைவி ஹோப் இரட்டைக் குழந்தைகளைச் சுமந்துகொண்டிருந்தார். அந்தப் பெண் துக்கத்தோடு மாநில, மத்திய அரசுகளின் கதவுகளைத் தட்டினார். 2012-இல் ஜேசனின் பெயரிலேயே சட்டம் வந்தது. நெடுஞ்சாலை நிதியை லாரி நிறுத்துமிடங்களுக்கும் செலவழிக்கலாம் என்றது அது. நிலைமையை அவ்வப்போது கணக்கெடுக்கவும் சொன்னது. ஆனால் இதற்கென்று தனியாகப் பணம் ஒதுக்கவில்லை. பாலம் பழுதாகிக் கிடக்கும்போது எந்த மாநிலம் லாரி நிறுத்துமிடத்துக்கு முதலில் பணம் கொடுக்கும்?

நேரக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் சிக்கல் தீரும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. களைத்தவரை இன்னும் இரண்டு மணி நேரம் ஓட்டவிடுவது உங்கள் குடும்பத்துக்கும் ஆபத்து, அவருக்கும் ஆபத்து. ஓய்வெடு என்று கட்டளையிடும் அரசு, ஓய்வெடுக்க இடமும் தந்தாக வேண்டும். காக்கவைக்கும் கிடங்கு, தன் வாசலில் நேரம் தீர்ந்துபோனவரை அன்றிரவு உள்ளே தங்கவிட வேண்டும். இவை இரண்டும் நடக்கக்கூடியவைதான்.

நடுவில் தடையாக நிற்பது பெரும்பாலும் ஊர்க்காரர்களின் எதிர்ப்பு. புதிய டிரக் ஸ்டாப் வருகிறது என்றால் சத்தம், புகை, வெளியாட்கள் நடமாட்டம் என்று கூட்டம் போட்டு மறுத்துவிடுகிறார்கள். உங்கள் மாநிலத்தில் கிடங்குகள் நிறைய. அவற்றுக்கு வரும் லாரிகளும் நிறைய. உங்கள் டவுன்ஷிப்பில் புதிய கிடங்குக்கோ டிரக் ஸ்டாப்புக்கோ அனுமதி கேட்டு விசாரணைக் கூட்டம் நடந்தால், தயவுசெய்து போங்கள். கிடங்கு கட்டுபவர் லாரிகள் இரவு தங்க எத்தனை இடம் ஒதுக்குகிறார், கழிப்பறையும் விளக்கும் உண்டா என்று கேளுங்கள். அந்த ராம்ப்பை நேரில் பார்த்தவர் நீங்கள். எனக்கு எழுதியதை அங்கேயும் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்