கெட்ட நாளுக்கு மகமை



2020 மார்ச் 25-ஆம் தேதி ஊரடங்கு வந்தபோது மளிகைக் கடைக்குத் திறக்க அனுமதி இருந்தது. பாத்திரம், ஜவுளி, செருப்பு விற்றவர்கள் வாரக்கணக்கில் ஷட்டரை இறக்கி வைத்தார்கள். மறுபடி திறந்த அன்று பலரிடம் கொள்முதலுக்குப் பணமில்லை. தண்டல்காரரிடம் போனார்கள். 10,000 என்று எழுதிக்கொண்டு 8,500 கையில் தந்து, தினம் 100 வீதம் 100 நாள் வசூல். கந்துவட்டியைத் தடுக்க 2003-லேயே சட்டம் வந்தாயிற்று. ஆனால் அவசரத்துக்குக் கொடுக்க வேறு ஆள் இல்லாதபோது சட்டம் மட்டும் என்ன செய்யும்?

அந்த வேறு ஆளாக நாமே இருக்க முடியும். வழி நம் பக்கத்தில் பழையதுதான். 19-ஆம் நூற்றாண்டில் தெற்கேயிருந்து வந்த நாடார் வணிகர்கள் சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை போன்ற ஊர்களில் பேட்டை அமைத்தார்கள். வண்டி மாடும் சரக்கும் இரவில் பத்திரமாகத் தங்கும் இடம் அது. வியாபாரத்தின் மேல் சிறு தொகை மகமையாகப் பிடிக்கப்பட்டுப் பொதுவில் சேர்ந்தது. 1889-இல் விருதுநகரில் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலைக்கு வீடுதோறும் பிடி அரிசியும் எடுத்தார்கள். காமராஜர் படித்த பள்ளி அது. 1921-இல் தூத்துக்குடியில் வங்கியே வந்தது. இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி அதுதான்.

அது ஒரு சமூகத்தார் தங்களுக்காகச் செய்தது. இன்றைய கடைவீதியில் எல்லாச் சமூகத்தாரும் இருக்கிறோம். ஆகவே மகமை வீதியின் பெயரில்தான் இருக்க வேண்டும்.

கணக்குப் பார்ப்போம். மூட்டைக்கு 1 ரூபாய். நாளைக்கு 40 மூட்டை இறங்கும் கடையில் 40 ரூபாய், மாதம் 25 நாளைக்கு 1,000. அப்படி 30 கடை சேர்ந்தால் வருடத்துக்கு 3,60,000. சிறிய கடை குறைவாகப் போடட்டும், பாதகமில்லை. ஆனால் தினமும் சிட்டையில் எழுதி எடுத்து வைக்க வேண்டும். மாதக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் கல்லாவில் எதுவும் மிஞ்சாது. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

கொடுப்பதில்தான் கவனம் வேண்டும். தர்மமாகக் கொடுத்தால் வாங்குபவர் கூசுவார், அடுத்தவர் முணுமுணுப்பார். வட்டியில்லாக் கைமாற்றாகக் கொடுத்துத் தவணையில் திருப்பி வாங்குவதே மரியாதை. கேட்பவர் தம் பேரேட்டைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். எங்கே பணம் முடங்கியது என்பது அங்கேயே பாதி தெரிந்துவிடும். நிலுவையை வசூலித்தாலே போதும் என்று சிலர் கைமாற்று வாங்காமலே எழுந்து போவதும் உண்டு. பணமாகத் தருவதைவிடச் சரக்காகத் தருவது மேல் என்பது நமது அபிப்பிராயம். பணம் கைக்குப் போனால் பழைய கடன்காரர் வாசலில் நிற்பார். சரக்கு போனால் மறுநாள் வியாபாரம் நடக்கும். மொத்தக் கடைக்கு மகமையிலிருந்து நேரே பணம் போய்விட்டால் நமக்கும் நிலுவை பயமில்லை. கல்யாணச் செலவுக்கு இதில் கைவைக்கக் கூடாது. அதற்கு மொய் இருக்கிறது!

பணத்தை ஒருவர் பெயரில் வைக்க வேண்டாம். பதிவு செய்த சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, கையெழுத்துக்கு இருவர், மாதக் கூட்டத்தில் வரவு செலவை உரக்கப் படிப்பது. கைமாற்று வாங்கியவர் பெயரை மட்டும் கூட்டத்தில் படிக்க வேண்டாம். தொகையைப் படித்தால் போதும்.