ஐந்நூறு கிலோமீட்டருக்கு முன் பன்னிரண்டு வாரங்கள்

கொல்கத்தாவிலிருந்து புரி வரை மிதிவண்டியில் செல்ல ஐந்து நாட்கள் போதும். ஆனால் அந்த ஐந்து நாட்களுக்கு ஆயத்தமாகப் பன்னிரண்டு வாரங்கள் வேண்டும். பருவநிலை மாற்றம் குறித்த விழிப்புணர்வுக்காகவும், ஓர் அறப்பணிக்கு நிதி திரட்டுவதற்காகவும் இத்தகைய நெடும்பயணங்களை மேற்கொள்ளும் ஆர்வம் அலுவலர்களிடையேயும் மாணவரிடையேயும் வளர்ந்து வருகிறது. புறப்பட விரும்புவோர் பலர். முறையாக ஆயத்தமாவோர் சிலர். அந்த ஆயத்தத்தில் உடல், வண்டி, பணம், சொல்லப்போகும் செய்தி ஆகிய நான்கும் அடங்கும். ஹவுரா–புரி வழியை எடுத்துக்காட்டாகக் கொண்டு அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

வழியே ஒரு பாடம்

ஹவுராவிலிருந்து கரக்பூர், பாலசோர், பத்ரக், கட்டாக், புவனேசுவரம் வழியாகப் புரியை அடையும் சாலை ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நீளமுள்ளது. மலையேற்றம் இல்லாத சமவெளி; ஆதலால் முதன்முறை நெடும்பயணம் செல்வோருக்கு ஏற்றது. ரூப்நாராயண், சுவர்ணரேகா, பிராமணி, மகாநதி எனப் பல ஆறுகளைக் கடந்து செல்லும் வழி இது.

வங்கக் கடலின் புயல்கள் கரையேறும் நிலமும் இதுவே. 1999 அக்டோபர் 29 அன்று ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயல் ஏறத்தாழ பத்தாயிரம் உயிர்களைக் கொண்டுசென்றது. 2019 மே 3 அன்று ஃபானி புரிக்கு அருகிலும், 2020 மே 20 அன்று அம்பான் மேற்கு வங்கக் கரையிலும், 2021 மே 26 அன்று யாஸ் பாலசோருக்குத் தெற்கிலும் கரை கடந்தன. இந்தச் சாலையில் தேநீர் அருந்த நிற்கும் கடையின் கூரை, ஒருமுறையேனும் காற்றில் பறந்து மீண்டும் வேயப்பட்டதாக இருக்கக்கூடும். அக்கடைக்காரர், “நீங்கள் மிதித்து வந்ததால் எனக்கு என்ன பயன்?” என்று கேட்டால் நம்மிடம் விடை இருக்க வேண்டும். ஆயத்தம் முழுவதும் அந்த ஒரு விடைக்காகத்தான்.

முதலில் ஒரு கணக்கு

ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது அதிலுள்ள கரி காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயுவாகிறது. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் கார் 500 கிலோமீட்டர் செல்ல 33 லிட்டர் எரிக்கும். வெளியேறும் வாயு சுமார் 77 கிலோ. மிதிவண்டியில் சென்றால் இது மிச்சம்.

ஆனால் பின்னால் ஒரு துணை வாகனம் வருகிறதே! லிட்டருக்கு 10 கிலோமீட்டர் தரும் டீசல் வேன் இதே தொலைவுக்கு 50 லிட்டர் எரித்து, சுமார் 135 கிலோ வாயுவை வெளியிடும். ஐவர் மட்டும் செல்லும் பயணத்தில் தலைக்கு 27 கிலோ. இருபதின்மர் சென்றால் தலைக்கு 7 கிலோவுக்கும் குறைவு. ஆகவே குழு பெரிதாகவும் வேன் ஒன்றாகவும் இருப்பது நல்லது. திரும்பும்போது மிதிவண்டிகளை ரயில் நிலையப் பார்சல் அலுவலகத்தில் பதிவு செய்து ரயிலிலேயே கொண்டுவரலாம்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். அலுவலகம் 5 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஒருவர், ஆண்டில் 250 நாட்கள் காரை விட்டு மிதிவண்டியில் போய்வந்தால் 2,500 கிலோமீட்டர் ஆகிறது. மிச்சமாகும் வாயு ஏறத்தாழ 380 கிலோ. ஐந்து நாள் பயணத்தைப் போல ஐந்து மடங்கு. எனவே பயணத்தைவிடப் பயிற்சியே சுற்றுச்சூழலுக்கு மிகுந்த நன்மை செய்யவல்லது. பயிற்சியை அலுவலகப் பாதையிலேயே தொடங்குவதன் பொருத்தம் இதனால் விளங்கும்.

உடல்: தவணை தவறாத சேமிப்பு

தொடர் வைப்புக் கணக்கின் இலக்கணமே பயிற்சிக்கும் இலக்கணம். தொகை சிறிது, தவணை தவறக் கூடாது. ஐந்து வாரங்களை விட்டுவிட்டு ஆறாம் வாரத்தில் மொத்தமாகச் செலுத்த நினைத்தால் முழங்கால் இசையாது.

வார நாட்களில் மூன்று அல்லது நான்கு நாள், நாளொன்றுக்கு 10 முதல் 15 கிலோமீட்டர் மிதியுங்கள். ஞாயிறன்று நெடுந்தொலைவு. முதல் ஞாயிறு 25, அடுத்து 35, பின் 45. நான்காம் வாரம் 35 ஆகக் குறைத்து உடலுக்கு ஓய்வு தருக. அதன்பின் 50, 60, 70 என உயர்த்தி, எட்டாம் வாரம் மீண்டும் 50. ஒன்பதாம் வாரம் 80, பத்தாம் வாரம் 90. பதினொன்றாம் வாரத்தில் சனியும் ஞாயிறும் அடுத்தடுத்து 80, 70 கிலோமீட்டர் செல்வது இன்றியமையாதது. முதல் நாள் 100 கிலோமீட்டர் எவரும் சென்றுவிடலாம். மறுநாள் காலை அதே இருக்கையில் அமர்வதே சோதனை. பன்னிரண்டாம் வாரம் 30 கிலோமீட்டரோடு நிறுத்தி நன்கு உறங்குங்கள்.

நாற்பது வயதைக் கடந்தவரும், இரத்த அழுத்தம், நீரிழிவு, இதய நோய் உடையவரும் முதல் வாரத்திற்கு முன்பே மருத்துவரின் ஒப்புதல் பெற வேண்டும்.

வண்டியும் உணவும்

விலையுயர்ந்த வண்டி தேவையில்லை. உடலுக்குப் பொருந்தும் வண்டி தேவை. பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மீது வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதிக்கையில் முழங்கால் சற்றே மடங்கும். இருக்கை தாழ்ந்திருந்தால் முழங்கால் வலி நிச்சயம். இலகுவான கியரில் நிமிடத்திற்கு எண்பது சுற்று மிதிப்பது, கனத்த கியரில் அழுத்தி மிதிப்பதைவிட மூட்டுகளுக்கு நல்லது. புது டயர், புது காலணி, புது இருக்கை எதையும் பயண நாளில் முதன்முறையாகப் பயன்படுத்தாதீர்கள். பஞ்சர் ஒட்டவும், டியூப் மாற்றவும், கழன்ற செயினை மாட்டவும் ஒவ்வொருவரும் கற்றிருக்க வேண்டும்.

மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை நீர் அருந்துங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திராதீர்கள். வெறும் நீரையே மிகுதியாகக் குடிப்பதும் தவறு. வியர்வையில் உப்பும் போகிறது. உப்பு–சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களை உடன்வைத்து, உறையில் குறித்த அளவு நீரில் கரைத்துக் கொள்ளுங்கள். வாழைப்பழம், வேர்க்கடலை மிட்டாய், வழியெங்கும் கிடைக்கும் பொரி ஆகியவை சிறந்த வழியுணவு. ஒடிசாவில் ‘பகாளா’ கிடைத்தால் தமிழருக்கு அயலாகத் தோன்றாது. அது நம் பழைய சோற்றின் உடன்பிறப்பு. ஒருமுறை பயன்படுத்தி எறியும் தண்ணீர் பாட்டில்களைத் தவிர்த்து, பெரிய கலத்திலிருந்து சொந்தப் புட்டியில் நிரப்பிக் கொள்க. குப்பையைச் சாலையில் விட்டுச் செல்லும் விழிப்புணர்வுப் பயணத்தை எவரும் நம்பமாட்டார்கள்.

காலமும் சாலையும்

கோடையும், மழைக்காலமும், புயல் மிகுந்த அக்டோபர்–நவம்பரும் ஒதுக்கத்தக்கவை. டிசம்பர் இறுதி முதல் பிப்ரவரி வரை உகந்தது; அப்போது வடக்கிலிருந்து வீசும் காற்று தென்மேற்கே செல்லும் நமக்கு முதுகில் துணை நிற்கும். எனினும் காலையில் மூடுபனி உண்டு. கொல்கத்தாப் பகுதியில் டிசம்பரில் மாலை 5 மணி அளவிலேயே கதிரவன் மறைந்துவிடும். தென்னாட்டவர் இதை மறந்து இருளில் சிக்குவது எளிது. பனி விலகிய பின் புறப்பட்டு, 4 மணிக்குள் தங்குமிடம் சேருங்கள்.

முதல் நாள் கரக்பூர் (120 கி.மீ.), இரண்டாம் நாள் பாலசோர் (115), மூன்றாம் நாள் பத்ரக் (70), நான்காம் நாள் கட்டாக் (105), ஐந்தாம் நாள் புரி (90) என ஏறத்தாழப் பிரித்துக் கொள்ளலாம். தொலைவு குறைந்த மூன்றாம் நாளைப் பள்ளி மாணவரைச் சந்திக்க ஒதுக்குங்கள். கொல்கத்தாவின் பல முதன்மைச் சாலைகளில் மிதிவண்டிக்குத் தடை உள்ளதால் ஹவுராக் கரையிலிருந்து தொடங்குவது எளிது. நெடுஞ்சாலையில் ஒருவர் பின் ஒருவராகச் செல்க. சேவைச் சாலை இருக்குமிடத்தில் அதையே பயன்படுத்துக. தலைக்கவசமும், பகலிலும் எரியும் பின்விளக்கும் கட்டாயம்.

விபத்துக் காப்பீட்டையும் முன்கூட்டியே செய்துகொள்ளுங்கள். 18 முதல் 70 வயது வரையுள்ள வங்கிக் கணக்குதாரர், ஆண்டுக்கு 20 ரூபாய் பிரீமியத்தில் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவில் சேரலாம். விபத்தில் மரணமோ முழு ஊனமோ நேர்ந்தால் 2 லட்சம் ரூபாயும், நிரந்தரமான பகுதி ஊனத்திற்கு 1 லட்சம் ரூபாயும் வழங்கும் திட்டம் இது.

நம்பிக்கையின் கணக்கு

நன்கொடையாளர் பணத்தோடு நம்பிக்கையையும் நம் கையில் தருகிறார். எனவே நன்கொடையை எவருடைய சொந்தக் கணக்கிலும் பெறாதீர்கள். பயன்பெறும் அறக்கட்டளையின் கணக்கிற்கே நேராகச் செலுத்தச் செய்யுங்கள். அந்த அறக்கட்டளை வருமான வரிச் சலுகைக்குரிய பதிவு பெற்றதா என்று முன்னதாக உறுதி செய்க. 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடையை ரொக்கமாகத் தந்தால் அச்சலுகை கிடையாது என்பதையும், பழைய வரி முறையைத் தேர்ந்தவருக்கே அது பொருந்தும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

வேன், உணவு, தங்குமிடம், பனியன் ஆகிய செலவுகளைப் பயணிகளே ஏற்பது மரபாகட்டும். பயணம் முடிந்த ஒரு மாதத்திற்குள், வந்த தொகை எவ்வளவு, எதற்குச் செலவாயிற்று என்பதை ஒரே தாளில் எழுதி நன்கொடையாளர் ஒவ்வொருவருக்கும் அனுப்புங்கள். அடுத்த ஆண்டின் நன்கொடை அந்தத் தாளில்தான் இருக்கிறது.

சொல்ல வேண்டிய சொல்

வழியில் பேசும்போது மிகைப்படுத்தாதீர்கள். ‘இந்தப் புயல் வெப்பமயமாதலால் வந்தது’ என்று சொல்லிவிட முடியாது. புயல்கள் முன்பும் இருந்தன. வெப்பமான கடல் புயலுக்கு மிகுந்த ஆற்றல் தருகிறது. காற்று ஒரு பாகை வெப்பமானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அதனால் மழை கடுமையாகிறது. இவ்வளவு சொன்னால் போதும். இது உண்மை, எவருக்கும் விளங்கும். பிறகு கேளுங்கள். ஃபானியின்போது ஒடிசாவில் ஏறத்தாழ 12 லட்சம் மக்கள் முன்கூட்டியே பாதுகாப்பான இடங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். அந்த அனுபவம் உள்ளவரிடம் நாம் கற்க வேண்டியது மிகுதி.

கடைக்காரரின் கேள்விக்கு அப்போது விடை கூறலாம்: “ஐயா, மிதித்து வந்ததால் மட்டும் உங்களுக்குப் பயன் இல்லை. திரட்டிய பணம் இன்ன பணிக்கு இவ்வளவு சேர்ந்தது, இதோ கணக்கு. நாங்கள் மூன்று மாதமாக மிதிவண்டியில்தான் வேலைக்குப் போகிறோம்; ஊர் திரும்பிய பின்னும் அப்படியே போவோம்.” இவற்றை உண்மையாகச் சொல்ல முடியுமானால் ஆயத்தம் நிறைவுற்றது. புறப்படுங்கள்.