அரசர் அணிகளும் ஆச்சியின் அட்டியலும்

பொன் நெருப்பில் அழிவதில்லை. பொன்னாற் செய்த அணிகலனோ நெருப்பிலேதான் அழிகின்றது. யாழ்ப்பாணத்தரசர் அணிந்தவை யாவை என ஆராயப் புகும் மாணவர் முதலில் உணரவேண்டியது இதுவே. ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்ட, 'சேது' எனப் பொறித்த செப்புக்காசுகள் நமக்குக் கிடைத்துள்ளன. செம்பை உருக்குவதிற் பெரும் இலாபமில்லை! அவர்தம் முடியும் மாலையுமோ, 1619 இல் அரசு போர்த்துக்கேயர் வசமானபின் நம் கண்ணுக்கு எட்டவில்லை. கண்டியரசரின் அரியணையும் முடியும் ஆங்கிலரால் கொண்டுசெல்லப்பட்டு, 1934 இல் மீண்டுவந்து, கொழும்பு நூதனசாலையை அடைந்தன. அத்தகைய பேறு நல்லூருக்கு வாய்க்கவில்லை.

எஞ்சியது ஓர் அயலவர் எழுத்து. 1344 இல் இலங்கைக்கு வந்த மொரோக்கோ நாட்டுப் பயணி இபன் பதூதா, ஆரியச்சக்கரவர்த்தியிடம் உள்ளங்கையளவான மாணிக்கக் கிண்ணமொன்றில் அகில் தைலம் இருக்கக் கண்டதாகக் குறித்தார். கிண்ணத்தின் அளவை ஐயுறுவோர் ஐயுறுக. அரசன் முன்னிலையில் அலுவலர் முத்துக்களைத் தரம்பிரித்தனர் என்னும் செய்தியை நாம் ஐயுறவேண்டியதில்லை. மன்னார்ச் சலாபம் அவன் ஆட்சியின் அயலிலேயே இருந்தது.

தஞ்சையில் இராசராசன் செய்ததை இதனோடு ஒப்பிடுக. 1010 இல் நிறைவுற்ற பெரிய கோயிலின் கல்லிலே, கொடுத்த நகை ஒவ்வொன்றும் பெயரோடும் நிறையோடும் வெட்டப்பட்டது. 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு. 2 குன்றி ஒரு மஞ்சாடி. பொன்னை நிறுக்க 'ஆடவல்லான்' என்றொரு கல். நகைக்குத் 'தட்சிணமேருவிடங்கன்' என்று வேறொரு கல். முத்தின் உருட்சி, வைரத்தின் புள்ளி, வெடிப்பு, உள்ளிட்ட அரக்கு ஆகியனவும் எழுதப்பட்டன. அரக்கைத் தனியே குறித்ததன் அருமையைப் பத்தரிடம் நகை செய்வித்தோர் நன்கறிவர். இன்றும் நிறையிற் பிணக்கு வருவது அவ்வரக்கினாலேயே.

பத்தரின் தொழின்முறை பெரிதும் மாறாதிருந்தது. மூசையிற் பொன்னை உருக்கி, தகடாகத் தட்டி, அச்சிலே கம்பியிழுத்து, வெங்காரமும் பொடியும் வைத்து ஊதுகுழலால் ஊதி ஒட்டுவர், புளிநீரிற் கழுவுவர். பட்டறைக் கூட்டற் குப்பையையும் வீசுவதில்லை. அதனை அரித்தாற் பொன் வரும். கன்னாதிட்டித் தெருவில் இவ்வோசை கேட்டு வளர்ந்தோர் நம்முட் பலர்.

மடத்துவெளியில் எம் ஆச்சி சிவப்புக்கல் அட்டியலொன்று வைத்திருந்தார். 1991 இல் புங்குடுதீவு மக்கள் இடம்பெயர்ந்தபோது, பல வீடுகளில் நகையே வள்ளக்கூலியும் அரிசியுமாயிற்று. அது குறையன்று, ஆபத்துக்கு உதவவே நம் மூதாட்டியர் பொன் சேர்த்தனர். ஆயினும் பழைய மாணவர்களை நாம் ஒன்று வேண்டுகிறோம். பழைய அட்டியலையோ பதக்கத்தையோ உருக்கக் கொடுக்குமுன் அதனை நிறுத்து, படமெடுத்து, பெயரையும் செய்த பத்தரின் ஊரையும் ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். அரை மணி நேரம் போதும்.

எம் ஆச்சியின் அட்டியல் எத்தனை பவுண் என்பது எமக்குத் தெரியாது. அதிலிருந்து கழற்றிய ஐந்து சிவப்புக்கற்கள் மாத்திரம் ஒரு சிறு தகரப்பெட்டியிற் கிடக்கின்றன.