ஒலி எழுப்பாத கணினி: லினக்ஸ் முறைமையில் பழுதைக் கண்டறிதல்

மாணவர்களே, லினக்ஸ் பணிசெயல் முறைமை நிறுவப்பட்ட கணினியொன்றில் பாடல் ஓடுகிறது, ஆனால் ஒலி கேட்கவில்லை எனக் கொள்வோம். காரணம் யாது என வினவினால் பலரும் “ஒலி அட்டை பழுதடைந்துள்ளது” என்றே எழுதிவிடுகின்றனர். சோதித்துப் பார்க்காமல் கூறும் இவ்விடை பெரும்பாலும் தவறானது. நல்ல அட்டையைக் கழற்றி வீசவும் அது வழிவகுக்கும்.

ஒலி செல்லும் பாதையை முதலில் மனத்திற் கொள்க. பிரயோக மென்பொருள், ஒலிச் சேவையகம், கருனியிலுள்ள சாதனச் செலுத்தி, ஒலி அட்டை, துறை, ஒலிபெருக்கி என்பதே அதன் ஒழுங்கு. செலுத்திகளை வழங்கும் பகுதி அல்சா எனப்படும். 2003 டிசம்பரில் வெளியான கருனி 2.6 இல் இது இடம்பெற்றது. ஒலிச் சேவையகமாக உபுண்டுவில் 2008 முதல் பல்ஸ் ஓடியோவும், 2022 இல் வெளியான 22.10 பதிப்பு முதல் பைப்வயரும் பயன்படுகின்றன.

சோதனையைப் பாதையின் முடிவிலிருந்து தொடங்குக, அதுவே இலகுவானது. ஒலிபெருக்கிக்கு மின் வருகிறதா? வடம் பச்சை நிறத் துறையில் செருகப்பட்டுள்ளதா? இளஞ்சிவப்புத் துறை ஒலிவாங்கிக்கும் நீலத் துறை ஒலி உள்ளீட்டுக்கும் உரியவை.

அடுத்து முனையச் சாளரத்தைத் திறக்க. (கட்டளைகள் இங்கு உச்சரிப்பின்படி தரப்பட்டுள்ளன. ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சுச் செய்க.) எல்எஸ்பிசிஐ என்னும் கட்டளை கணினியிலுள்ள பிசிஐ சாதனங்களைப் பட்டியலிடும். யூஎஸ்பி ஒலி அட்டையாயின் எல்எஸ்யூஎஸ்பி என்க. பட்டியலில் ஓடியோ சாதனம் இருப்பின் வன்பொருளைக் கணினி கண்டுள்ளது எனலாம். இல்லையெனில் அட்டை சரியாகப் பொருந்தவில்லை அல்லது பயோஸ் அமைப்பில் முடக்கப்பட்டிருக்கலாம்.

ஏபிளே -எல் என்னும் கட்டளை அல்சா அறிந்த அட்டைகளைக் காட்டும். முதற் பட்டியலில் உள்ள அட்டை இதில் இல்லையெனில் உடனே செலுத்தியைக் குறை கூற வேண்டாம். புரொக் கோப்புறையில், ஏசவுண்ட் என்பதனுள் உள்ள கார்ட்ஸ் என்னும் கோப்பைப் பார்க்க. அங்கும் பெயர் இல்லையாயின் செலுத்தி ஏற்றப்படவில்லை. அங்கு பெயர் இருந்து, ஏபிளே மாத்திரம் “அட்டை இல்லை” என்றால், பயனருக்கு ஒலிச் சாதனத்தை அணுகும் அனுமதி இல்லை என்பதே பெரும்பாலும் காரணம்.

இரண்டிலும் அட்டை தெரிகிறது, ஒலி மட்டும் வரவில்லை. அடிக்கடி நேர்வது இதுதான். அல்சாமிக்சர் என்னும் கட்டளையை இடுக. தொடக்கத்தில் ஒரே ஒரு நிரல் தோன்றினால் ஏமாந்துவிடாதீர்கள், அது சேவையகத்தினுடையது. எஃப்6 விசையை அழுத்தி உண்மையான அட்டையைத் தெரிவு செய்க. நிரலின் கீழே எம்எம் எனக் காணப்பட்டால் அவ்வழி ஒலியடக்கம் செய்யப்பட்டுள்ளது. அம்புக்குறி விசையால் அவ்விடம் சென்று எம் விசையை அழுத்தினால் அடக்கம் நீங்கும். மாஸ்டர், பிசிஎம், ஸ்பீக்கர் ஆகிய ஒவ்வொன்றையும் பார்க்க. ஒன்று அடங்கியிருந்தாலும் போதும், ஒலி வராது. மாற்றத்தைச் சேமிக்க, சுடோ அல்சாசிடிஎல் ஸ்டோர் என்க.

இனி, ஸ்பீக்கர்-டெஸ்ட் கட்டளையால் ஒலியெழுப்பிப் பார்க்க. நிறுத்துவதற்குக் கொன்ட்ரோல், சி விசைகளை ஒருங்கே அழுத்துக. இதில் ஒலி கேட்டு, பாடலில் கேட்காவிடின் அட்டையும் செலுத்தியும் நன்றே. பிரயோக மென்பொருளின் அமைப்பைச் சோதிக்க.

மாதிரி வினா: எச்டிஎம்ஐ வடத்தால் புதிய திரை இணைக்கப்பட்ட பின் ஒலிபெருக்கியில் ஒலி கேட்கவில்லை. ஏபிளே கட்டளை இரு அட்டைகளைக் காட்டுகிறது. காரணத்தையும் தீர்வையும் தருக.

விடை: எச்டிஎம்ஐ வடம் படத்துடன் ஒலியையும் கடத்தும். எனவே ஒலி திரையின் பக்கம் திருப்பப்பட்டுள்ளது. அட்டைகள் பட்டியலில் இருப்பதால் செலுத்தியில் பழுதில்லை. ஒலி அமைப்பில் வெளியீட்டுச் சாதனமாக ஒலிபெருக்கிக்குரிய அட்டையைத் தெரிவு செய்தல் வேண்டும்.

பயிற்சி: மடிக்கணினியொன்றில் ஹெட்போனில் ஒலி கேட்கிறது, உட்பொருத்திய ஒலிபெருக்கியில் கேட்கவில்லை. செலுத்தியை மீள நிறுவுதல் இங்கு ஏன் பொருத்தமற்றது? முதலில் எதனைச் சோதிப்பீர்?