இடுப்பு மூட்டு உடைந்தால்

உட்காருகிறோம். எழுகிறோம். படி ஏறுகிறோம். இதற்கெல்லாம் இடுப்பு மூட்டு வேண்டும்.

அது எப்படி இருக்கும்? ஆட்டுக்கல்லைப் பாருங்கள். குழிக்குள் குழவி சுற்றுகிறது. இடுப்பு எலும்பிலும் ஒரு குழி இருக்கிறது. தொடை எலும்பின் உருண்டைத் தலை அதற்குள் சுழல்கிறது. இரண்டையும் வழுவழுப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. அது தேய்ந்தால் நடக்கும்போது வலிக்கும். வயதானால் எலும்பின் பலமும் குறையும். சும்மா வழுக்கி விழுந்தாலே உடைந்துவிடும்.

படுத்தே இருக்கலாமா?

மைசூரில் ஒரு தமிழ்க் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். குளியலறையில் பாட்டி வழுக்கி விழுகிறார். எழ முடியவில்லை. ஒரு கால் குட்டையாகத் தெரிகிறது. பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கிறது.

"புத்தூர்க் கட்டுப் போடலாம்" என்கிறார் மகன்.

"இந்த வயசுல ஆபரேசன் எதுக்கு? படுத்தே இருக்கட்டும்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

"அத்தை இப்படியே படுத்துக் கிடந்தா என்ன ஆகும்?" என்று கேட்கிறார் மருமகள்.

நல்ல கேள்வி. படுத்தே கிடந்தால் முதுகில் புண் வரும். நெஞ்சில் சளி கட்டி நிமோனியா வரலாம். காலில் ரத்தம் உறையலாம். இவை உயிருக்கே ஆபத்து. தொடை எலும்பின் கழுத்து உடைந்தால், தலைப் பகுதிக்குப் போகும் ரத்தம் நின்றுவிடலாம். அப்போது வெளியே கட்டுப் போட்டால் எலும்பு சேராது.

ஆகவே காலை இழுக்காதீர்கள். திருகாதீர்கள். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். மைசூரில் கே.ஆர். ஆஸ்பத்திரி இருக்கிறது. அது அரசு ஆஸ்பத்திரி. 1924-ல் தொடங்கிய மைசூர் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தது.

என்ன செய்வார்கள்?

முதலில் எக்ஸ்ரே எடுப்பார்கள். சில உடைப்புகளுக்குத் திருகாணியும் கம்பியும் போதும். சிலருக்கு மூட்டை மாற்ற வேண்டும். பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு மரத்துப் போகச் செய்வார்கள். உடைந்த தலையை எடுத்துவிட்டு, தண்டும் உருண்டையும் உள்ள உலோக மூட்டைப் பொருத்துவார்கள். முழு மூட்டையும் மாற்றினால் குழியிலும் ஒரு கிண்ணம் வைப்பார்கள்.

இங்கிலாந்து டாக்டர் ஜான் சார்ன்லி முதலில் டெப்லான் கிண்ணம் வைத்தார். அது சீக்கிரம் தேய்ந்துவிட்டது. 1962-ல் வேறு உறுதியான பிளாஸ்டிக்கைப் பயன்படுத்தினார். அது நிலைத்தது. இப்போது புது மூட்டு பலருக்கு 15, 20 வருடங்களுக்கு மேலும் உழைக்கிறது.

வயதானவர்கள் தாங்குவார்களா? இங்கிலாந்து ராணி இரண்டாம் எலிசபெத்தின் தாயாருக்கு 1995-ல் ஒரு பக்கம் மாற்றினார்கள். அப்போது வயது 95. 1998-ல் விழுந்து மறுபக்கம் உடைந்தது. அதையும் மாற்றினார்கள். அவர் 101 வயது வரை வாழ்ந்தார். ஆனால் எல்லாருடைய உடம்பும் ஒன்றல்ல. இதயம், சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்து டாக்டர் முடிவு சொல்வார்.

வீட்டுக்கு வந்த பிறகு

பெரும்பாலும் மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்க வைப்பார்கள். பயப்பட வேண்டாம். நடந்தால்தான் பலம் வரும். டாக்டர் சொல்லும் வரை இவற்றைச் செய்யக் கூடாது:

• தரையில் உட்காரக் கூடாது. சம்மணம் போடக் கூடாது.
• குந்தி உட்காரும் கக்கூஸ் கூடாது. நாற்காலிக் கக்கூஸ் வேண்டும்.
• கால் மேல் கால் போடக் கூடாது.
• குனிந்து தரையில் கிடப்பதை எடுக்கக் கூடாது.

படுக்கும்போது இரண்டு கால்களுக்கும் நடுவில் தலையணை வையுங்கள். குளியலறையில் பிடிக்கக் கம்பி போடுங்கள். ஈரத்தைத் துடையுங்கள்.

காய்ச்சல், புண்ணில் சீழ், கெண்டைக்காலில் வீக்கம், மூச்சுத் திணறல், திடீர் வலி வந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

செலவு

கர்நாடகத்தில் 2018-ல் ஆயுஷ்மான் பாரத் ஆரோக்கிய கர்நாடகா திட்டம் வந்தது. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். ஆதார் அட்டையும் ரேஷன் அட்டையும் கொண்டு போங்கள். ஆபரேசனுக்கு முன்பே கேளுங்கள்: "எது இலவசம்? எதற்குப் பணம் கட்ட வேண்டும்?" படித்துப் பார்க்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

பேசுவோம்

1. படுத்தே இருந்தால் என்னென்ன ஆபத்து வரும்?
2. உங்கள் வீட்டில் வழுக்கி விழக்கூடிய இடம் எது? அதை எப்படிச் சரிசெய்வீர்கள்?